பிள்ளையை எண்ணாத பட்டியல்: அஸ்வெசும வந்த பின் திருகோணமலைக் குடும்பங்களின் சிறுவர் உதவி

அரசின் முந்திய வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தி இருந்த காலத்தில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முத்திரைக்காரர் எவரும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார். 2015 இற்குப் பிந்திய விகிதப்படி, இருவர் வரையுள்ள குடும்பத்துக்கு 1,500 ரூபா, மூவருக்கு 2,500, நால்வரும் அதற்கு மேலும் என்றால் 3,500. தொகை சிறிதுதான். அரசியல் செல்வாக்கில் பெயர் ஏறியதும் நீங்கியதும் உண்டு. ஆனாலும் அந்தக் கணக்கில் பிள்ளை ஒரு தலையாக நின்றது. வீட்டில் ஒரு வாய் கூடினால், நாலு பேர் என்ற எல்லை வரைக்குமாவது தொகையும் கூடியது.

2023 ஜூலையில் அதன் இடத்தில் அஸ்வெசும என்ற புதிய நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் தொடங்கியதும் அந்தக் கணக்கு மாறியது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த சபை 22 சுட்டிகளை வைத்துக் குடும்பங்களின் குறைகளுக்குப் புள்ளியிட்டு, அவற்றை இடைநிலை, பாதிக்கப்படக்கூடிய, வறிய, மிக வறிய என்று நாலு பிரிவாக்கியது. தொடக்கத்தில் மாதாந்தத் தொகை முறையே 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து வறிய பிரிவுக்கு 10,000, மிக வறிய பிரிவுக்கு 17,500. சமுர்த்தியோடு ஒப்பிட்டால் பெரிய உயர்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தொகையைத் தீர்மானிப்பது பிரிவு. ஒரே பிரிவுக்குள் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கும் ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் ஒரே தொகை. வறிய பிரிவில் தாய், தகப்பன், ஒரு பிள்ளை என்றால் தலைக்கு 3,333 ரூபா. அதே பிரிவில் ஐந்து பிள்ளைகளோடு ஏழு பேர் என்றால் 1,428. கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் பெரிய குடும்பம் புதினமில்லை. அந்த வீடுகளில் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை இந்தக் கொடுப்பனவு எந்த அளவு தாங்கும் என்பதை இந்த இரண்டு எண்களிலும் பார்த்துவிடலாம்.

பட்டியலில் பிள்ளை அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கங்களால் குடும்பத்தை அளக்கும்போது பாடசாலை போகாத பிள்ளை, நோயாளிப் பிள்ளை, தனித்த தாய் என்று பிள்ளைகளின் நிலை உள்ளே வருகிறது. ஆனால் அங்கே பிள்ளை வருவது ஒரு குறையின் அடையாளமாக. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய், நோய்நொடி இல்லாமல், மூன்று நேரமும் சாப்பாடு கேட்கிற பிள்ளைக்குப் புள்ளி குறைவு.

ஒரு வளவு, மூன்று உலை, ஒரு மின்மானி

இந்த அளவுகோல் திருகோணமலை மாவட்டத்தில் எங்கே பிசகுகிறது என்பதை நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் மேன்முறையீட்டில் வெல்வதும் தோற்பதும் இந்த இடங்களில்தான்.

கிழக்கில் வீடு பெண்ணோடு போகும். மூத்த மகளுக்குக் கல்யாணமானால் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்வளவில் ஒரு கொட்டில் போடுவார்கள். இளைய மகளுக்கும் அதே வளவில் ஒரு அறை எழும்பும். ஒரு வளவுக்குள் மூன்று உலை கொதிக்கும், மின்மானி மட்டும் மூத்தவளின் பெயரில் ஒன்று. அஸ்வெசும விண்ணப்பம் மின்பட்டியல் கணக்கிலக்கத்தைக் கேட்கிறது. மின்பாவனை ஒரு சுட்டி. மூன்று குடும்பத்தின் வெளிச்சமும் மின்விசிறியும் ஒரே இலக்கத்தில் ஓடினால், அந்த இலக்கத்தைக் கொடுத்த ஒவ்வொரு குடும்பமும் வசதியான குடும்பமாகத் தெரியும்.

இதற்கு ஒரே வழி, தனி உலை வைப்பவர்கள் தனிக் குடும்பமாகவே விண்ணப்பித்து, மின்மானி பொது என்பதை வாயால் மட்டும் சொல்லாமல் எழுத்தில் பதியச் செய்வது. எத்தனை குடும்பம் அந்த மானியைப் பாவிக்கிறது, பட்டியலை யார் கட்டுகிறார், மற்றவர்கள் எவ்வளவு பங்கு கொடுக்கிறார்கள் என்று நாலு வரி எழுதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு விண்ணப்பக் கோப்பில் சேர்க்க வேண்டும். வீடு யாருடையது என்ற கேள்விக்கும் இதே கவனம் தேவை. கல்வீடு அக்காவுக்கு எழுதியது, தங்கை பின்னால் தகரக் கொட்டிலில் இருக்கிறாள் என்றால், கணக்கெடுக்க வருபவர் முன்வாசலில் நின்று கல்வீட்டைப் பதிந்துகொண்டு போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கடல். கிழக்குக் கரையில் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை தொழில் உண்டு. வாடை தொடங்கி மாரி இறங்கினால் சிறு தோணிகள் கரையேறிவிடும். கணக்கெடுப்பு தொழில் காலத்தில் வந்தால், கேள்விக்குப் பதில் சொல்பவர் போன கிழமை வந்த காசை நினைத்துச் சொல்வார். ஆண்டு முழுவதற்குமான வருமானம் அப்படிப் பதிவாகிவிடும். சொல்ல வேண்டிய விதம் வேறு: தொழில் நடக்கும் மாதங்கள் எத்தனை, அந்த மாதங்களில் கைக்கு நிற்பது எவ்வளவு, மாரியில் கடன்பட்டுச் சாப்பிடுவது எத்தனை மாதம், தொழில் மாதங்களையும் அந்த மாதத் தொகையையும் பெருக்கிப் பன்னிரண்டால் பிரித்தால் வருவது என்ன. தவணையில் எடுத்த எஞ்சினும் முதலாளியின் தோணியும் சொந்தச் சொத்தாகப் பதியப்படுவதும் நடக்கிறது. தவணைப் புத்தகத்தின் போட்டோக் கொப்பியோ, தோணி உரிமையாளரின் கடிதமோ இருந்தால் அதைத் திருத்தலாம். மட்டி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வயல் கூலிக்காரருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

மூன்றாவது முகவரி. சம்பூர்ப் பக்கத்தில் 2006 இல் இடம்பெயர்ந்து 2015 இல்தான் திரும்பியவர்கள் உண்டு. பதிவு ஒரு கிராம அலுவலர் பிரிவில், குடியிருப்பு இன்னொன்றில் என்று இன்றும் சில குடும்பங்கள் இருக்கின்றன. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. நலன்புரிப் பதிவுக்கு இப்போது குடியிருக்கும் பிரிவே அடிப்படை. வாக்காளர் பட்டியல் பழைய இடத்தில் இருந்தால் அதை முதலில் சரிசெய்வது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு விதானைமாருக்கும் இடையில் கடிதம் அலைந்துகொண்டிருக்கும்.

பிள்ளை பிறந்ததும் செய்ய மறப்பது

குடும்ப விவரம் ஒருமுறை பதிந்தால் தானாக மாறாது. பிள்ளை பிறந்தால், கணவன் பிரிந்துபோனால், வீட்டில் ஒருவர் இறந்தால், தாய் வெளிநாடு போனால், பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் தகவல் பிரிவுக்குப் போய் மாற்றச் சொல்ல வேண்டும். கொடுப்பனவு பிள்ளைக் கணக்கில் ஏறாது என்பதால் பலர் புதிய பிள்ளையைச் சேர்ப்பதில்லை. இது பெரிய பிழை. குடும்பத்தின் செலவைத் தலைக்கு எவ்வளவு என்று பார்க்கும் இடத்தில் பிரிக்கும் எண் கூடினால் குடும்பம் இருக்கும் நிலை சரியாகத் தெரியும். மறு கணக்கெடுப்பில் பிரிவு மாறும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியவை: குடும்பத்தின் பதிவிலக்கம் அல்லது கியூ.ஆர் குறியீடு உள்ள தாள், வீட்டில் உள்ள வளர்ந்தவர்களின் அடையாள அட்டை, எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசி மின்பட்டியல், வங்கிப் புத்தகம். எல்லாவற்றிலும் போட்டோக் கொப்பி இரண்டு. ஒன்றை ஒப்படைத்து, மற்றதில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். கேள்வி எழும்போது கையில் இருக்கும் ஆதாரம் அந்த முத்திரை மட்டுமே. நிலையை அறிய 1924 என்ற துரித இலக்கம் இருக்கிறது.

பெயர் எழுத்து இங்கே பலரை வீழ்த்துகிறது. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் இன்னொரு விதம், வங்கியில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும். கணினி இவை மூன்றையும் மூன்று ஆளாகக் கருதும். பணம் அங்கீகாரமாகியும் கணக்கில் விழாத குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மாற்ற வேண்டியது வங்கியின் பெயரை. அடையாள அட்டையில் உள்ளபடி கணக்கைத் திருத்துவது ஒரு நாள் வேலை. சான்றிதழைத் திருத்தப் போனால் மாதக்கணக்காகும்.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலம் தாழ்த்திய பதிவாகி, சத்தியக் கடதாசி, சாட்சி என்று நீளும். திருமணப் பதிவு இல்லாத தம்பதிகள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். கோயிலில் தாலி கட்டியதோடோ நிக்காஹ் முடிந்ததோடோ விட்டவர்கள், பிள்ளையின் பதிவுக்காகத் திருமணப் பதிவைக் காத்திருக்கத் தேவையில்லை. பிறப்பை முதலில் பதியலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் புகுந்தபோது பத்திரங்களைப் பறிகொடுத்தவர்கள், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலேயே கேட்டு எடுக்கலாம். பதிவிலக்கம் நினைவில்லாவிட்டால் பாடசாலைச் சேர்வு இடாப்பிலோ பிள்ளையின் கிளினிக் கொப்பியிலோ அது எழுதப்பட்டிருக்கக்கூடும்.

வயிற்றில் இருக்கும்போதும், தராசில் ஏறும்போதும்

அஸ்வெசும பிள்ளைக் கணக்குப் பார்க்காத இடத்தை நிரப்பவென்று தனித்தனியாகச் சில உதவிகள் உண்டு. அவை மூன்று வேறு அலுவலகங்களின் கையில் இருக்கின்றன, ஒன்றின் பட்டியல் மற்றதற்குத் தெரியாது. தாய்தான் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டியிருக்கிறது.

கர்ப்பிணித் தாய்க்கான போஷாக்குக் கொடுப்பனவு 2015 இல் மாதம் 2,000 ரூபாவாகப் பத்து மாதத்துக்கு என்று தொடங்கியது. பின்னர் அது மாதம் 4,500, மொத்தம் 45,000 ரூபா ஆனது. கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்த பின் சில மாதங்களிலுமாக இந்தப் பத்து மாதமும் கணக்கிடப்படும். வழி குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது எங்கள் பேச்சில் மிட்வைஃப். அவரிடம் கர்ப்பத்தைப் பதிந்து, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போயிருந்தால், அவர் உறுதிப்படுத்தும் விவரம் பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்குப் போகும். இங்கே இழப்பு நேர்வது இரண்டு வகையில். ஒன்று, பதிவுக்குப் பிந்திப் போவது. தனியார் வைத்தியரிடம் மட்டும் காட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆறாம் ஏழாம் மாதம் மிட்வைஃபைத் தேடுபவருக்குப் போன மாதங்கள் திரும்ப வராது. மற்றது, பிரசவத்துக்காக வேறு பிரிவில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போவது. கிளினிக் மாறும், கொடுப்பனவுக்கான கூப்பன் பழைய பிரிவிலேயே கிடக்கும். இரண்டு மிட்வைஃப்மாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

திரிபோஷா என்ற சத்துமா இலவசம், ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. கர்ப்பிணிக்கும், பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கும், எடை குறைந்த பிள்ளைக்கும் மாதம் 750 கிராம் பொதி இரண்டு. மொத்தம் ஒன்றரைக் கிலோ, நாளுக்கு 50 கிராம் வீதம் முப்பது நாளுக்கு ஒருவருக்கு. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் தாய் மூவருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்காமல் இருக்க மாட்டாள். அப்போது பத்து நாளில் பொதி முடியும், எடை குறைந்த பிள்ளைக்குச் சேர்ந்தது மூன்றிலொரு பங்கு. அடுத்த மாதமும் தராசு முள் அசையவில்லையே என்று தாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 2021, 2022 ஆண்டுகளில் சோளத் தட்டுப்பாட்டாலும் அஃப்லடொக்சின் நச்சுப் பிரச்சினையாலும் சிறு பிள்ளைகளுக்கான திரிபோஷா நின்றுபோனது. அந்த இடைவெளியில் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகும் பழக்கம் விட்டுப்போன குடும்பங்கள் சில இன்னும் அந்தப் பழக்கத்துக்குத் திரும்பவில்லை. எடை பார்க்காத பிள்ளை பட்டியலில் வராது. இரண்டு வயது வரை மாதந்தோறும், பின் ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்துக் கொப்பியில் புள்ளி வைப்பது, உதவிக்கான கதவும் அதுதான்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கான கொடுப்பனவு தனி. 7,500 ரூபாவாக இருந்தது 2025 ஏப்ரலில் 10,000 ஆனது. குடும்பம் அஸ்வெசும எடுக்கிறது என்பதால் இது மறுக்கப்படாது. சமூக சேவை உத்தியோகத்தரிடம் மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பேச்சுத் தாமதம், காது மந்தம் போன்றவற்றை "வளர வளரச் சரியாகும்" என்று விட்டுவிடுவதால் சான்றே எடுக்காமல் இருக்கும் பிள்ளைகள் இதில் அதிகம் இழக்கிறார்கள்.

பாலர் பாடசாலை பதினொன்றரைக்கு விட்ட பிறகு

2025 வரவுசெலவுத் திட்டம் முன்பள்ளிக் காலை உணவுக்கான ஒதுக்கீட்டைப் பிள்ளைக்கு 60 ரூபாவிலிருந்து 100 ஆக்கியது. ஆசிரியர் கொடுப்பனவிலும் 1,000 ரூபா கூட்டப்பட்டது. 25 பிள்ளைகள் உள்ள பாலர் பாடசாலைக்கு நாளுக்கு 2,500 ரூபா, இருபது நாளுக்கு 50,000. பெற்றோர் முறை வைத்துச் சமைத்தால் சோறு, பருப்பு, கீரை, கிழமையில் ஓரிரு நாள் முட்டை அல்லது நெத்தலி என்று சமாளிக்கலாம். 60 ரூபாவில் அது முடியாத காரியமாகவே இருந்தது. இத்திட்டத்தில் எல்லாப் பாலர் பாடசாலைகளும் இல்லை. தெரிவானவைதான் உண்டு, பதிவு இல்லாதது தெரிவாகாது. பிள்ளையைச் சேர்க்கும் முன் பதிவு உண்டா, உணவு உண்டா என்ற இரண்டையும் கேட்பது பெற்றோரின் உரிமை. பணம் வந்து சேரத் தாமதித்தால் கடைக்காரரிடம் கடன் ஏறும். கடன் ஏறினால் முதலில் மறைவது முட்டை. பெற்றோர் குழு பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி ஒரு கோப்பில் வைத்திருந்தால் பாக்கியைக் கேட்க வாய் இருக்கும்.

ஆனால் உணவு கொடுத்த பின்னும் பெரிய ஓட்டை ஒன்று கிடக்கிறது. பாலர் பாடசாலை பதினொன்றரை, பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் பெண்ணின் வேலை அப்போது பாதி வழியில் நிற்கும். வேலைக்குப் போகும் தாய் பகல் பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கைத் தாங்கும் மாதாந்தக் கொடுப்பனவு எங்கள் நலன்புரிப் பட்டியலில் இல்லை. அம்மம்மா இருக்கும் வீட்டில் அம்மம்மா பார்க்கிறார். இல்லாத வீட்டில் பதினொரு வயது அக்கா பாடசாலையை விட்டுத் தங்கையைப் பார்க்கிறாள். அவள் வரவு குறைந்தால் அது இன்னொரு சுட்டியில் ஏறும், குடும்பத்துக்குப் புள்ளி கூடும். பராமரிப்புக்குக் கொடுக்காத பணத்தை இப்படிச் சுற்றி வந்து கொடுப்பதில் பிள்ளையின் படிப்புத்தான் செலவாகிறது. அரச கொள்கையின் மிகப் பெரிய குறை இதுவென்பது எங்கள் கருத்து.

சட்டத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குவதும் குறைவு. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி 84 நாள் விடுமுறை உண்டு. அதற்கு முந்திய ஓராண்டில் அந்தத் தொழில்தருநரிடம் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பருவகால வேலையில் இந்த 150 நாளை நிரூபிக்க முடியாமல் போவது வழக்கம். வரவுப் பதிவின் படத்தைக் கைபேசியில் மாதந்தோறும் எடுத்து வைப்பது உதவும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை, வேலையிடத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் அரை மணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம்.

வெளிநாடு போகும் தாயின் விடயத்தில் விதி தளர்ந்திருக்கிறது. 2013 இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள பெண்ணை வீட்டுப் பணிக்குப் போகவிடவில்லை. 2022 இல் அந்த அறிக்கை நீங்கி, கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பியிருந்து, பராமரிப்பவர் யார் என்பதை உறுதிப்படுத்தினால் போகலாம் என்றானது. கிண்ணியா, மூதூர்ப் பெண்கள் பலருக்கு இது வழி திறந்தது. போகும் முன் மூன்று வேலை செய்ய வேண்டும்: அஸ்வெசுமப் பணம் தாயின் கணக்கில் விழுகிறது என்றால் பெறுநரை மாற்றுவது, பிள்ளைகளின் கிளினிக் கொப்பியையும் பிறப்புச் சான்றிதழையும் பராமரிப்பவரிடம் ஒப்படைப்பது, அவர் பெயரை மிட்வைஃபுக்கும் பாலர் பாடசாலை ஆசிரியைக்கும் சொல்லி வைப்பது. முதலாவதை மறந்தால் பணம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், எடுப்பவர் குவைத்திலோ சவூதியிலோ இருப்பார், அம்மம்மா கடையில் கொப்பிக் கடன் எழுதிக்கொண்டிருப்பார்.